இடது நாத்தனார்

“…ஒண்ணா நிக்க வச்சுக் கேட்டா எல்லாரும் ஒரே பாட்டத்தான் பாடுவாங்க சார். ஒவ்வொருத்தரா உள்ள கூப்புடுங்க. கதவ சாத்திட்டுக் கேளுங்க. அப்பத்தான் யாரு பக்கம் கோளாறுன்னு தெரியும்.”

நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிட்டவர் இதைச் சொன்னது எங்கள் தொழிற்சாலையின் ஆபீஸ் வாசலில், சூப்பர்வைசர் நாதனிடம். பக்கத்தில் அவரோடு வேலை செய்த கலா நின்றிருந்தாள். நானும் நின்றிருந்தேன், மூடி கழற்றிய ஒரு பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு. அக்கா சொன்னதைக் கேட்டதும் கலாவின் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. “ஆமா சார், அக்கா சொல்ற மாதிரியே கேளுங்க” என்றாள். அந்தத் தெம்பை என்னால் மறக்க முடியவில்லை. மறக்க முடிந்திருந்தால் அக்காவைப் பற்றி நல்லவிதமாக நாலு பக்கம் எழுதி முடித்திருப்பேன். எழுத நல்லதும் நிறைய இருக்கிறது. அதையே முதலில் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. லூபோக் சீனா ஊரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் பெண்பிள்ளைகள் பால்வாளியை விட்டுவிட்டு பேக்டரி பஸ் ஏறத் தொடங்கியிருந்த காலம். எங்கள் பேக்டரியில் ஒரு பெட்டி செய்தோம். படத்துக்குச் சத்தம் சேர்க்கிற கூடங்களில் ஆறு ஒலிப்பெருக்கிகளைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்து கேட்பார்களாம். எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பதை அந்தப் பெட்டிதான் ஆளும். ஒவ்வொரு ஒலிப்பெருக்கிக்கும் இரண்டு பொத்தான். சிவப்பு மியூட், மஞ்சள் சோலோ. சிவப்பை அழுத்தினால் அந்த ஒன்று மட்டும் வாயை மூடும். மஞ்சளை அழுத்தினால் அந்த ஒன்று மட்டும் பேசும், மற்ற ஐந்தும் வாயை மூடும். சரவுண்ட் மானிட்டர் என்று அதற்குப் பெயர். எங்களில் ஒருத்தியும் அப்படிப்பட்ட கூடத்தைப் பார்த்ததில்லை. கப்பலேறிப் போகிற சாமான், அவ்வளவுதான் தெரியும்.

நான் ரிப்பேர் மேசை. கோளாறான பெட்டியில் ஒட்டி என்கிற சிவப்புச் சீட்டை ஒட்டி என்னிடம் அனுப்புவார்கள், நான் ஈயம் வைத்துச் சரிசெய்து திருப்பி அனுப்புவேன். அக்கா, கேட்கும் அறை. சுவரெல்லாம் பஞ்சு அடித்த சின்ன அறை அது. நடுவில் ஒரு நாற்காலி, முன்னால் மூன்று ஒலிப்பெருக்கி, முதுகுப் பக்கம் இரண்டு, தரையில் ஒரு பெரிய உறுமல் பெட்டி. ஒவ்வொரு சாமானையும் கம்பி மாட்டி, டேப்பை ஓடவிட்டு, பன்னிரண்டு பொத்தானையும் ஒவ்வொன்றாக அழுத்திக் கேட்க வேண்டும். டேப்பில் பாட்டெல்லாம் இல்லை. தகரக்கூரையில் மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல். நாளெல்லாம் அந்த மழைதான்.

அந்த ஆறு ஒலிப்பெருக்கிக்கும் அக்கா வைத்த பெயர்கள் பேக்டரி முழுக்கப் பரவியிருந்தன. நடுவில் இருப்பது மாமியார், பேச்செல்லாம் அவளுடையது. அவளுக்கு இரண்டு பக்கமும் மூத்த மகன், இளைய மகன். தரையில் உறுமுவது மாமனார். பின்னால் இருக்கிற இரண்டும் நாத்தனார்கள்.

“ஏன்கா நாத்தனாரு?” என்று முதல் நாள் கேட்டேன்.

“முதுகுக்குப் பின்னாடி நின்னு பேசுறது வேற யாரு புள்ள?”

சீனப் பெண்கள், மலாய்ப் பெண்கள்கூட அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். லைனில் கீழே உட்கார்ந்து பெட்டி மூடுகிற மலாய் அக்கா ஒருவர், “நாத்தனார் கிரி ரோசாக்!” என்று கத்துவார். இடது நாத்தனார் கெட்டுப்போச்சு என்று அர்த்தம். எனக்குச் சிரிப்பு வந்து ஈயம் சிந்திவிடும்.

அக்காவின் நாற்காலி எந்த ஆபீசிலோ தூக்கிப்போட்ட சுழல் நாற்காலி. அதில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பொத்தானுக்கும் அவர் ஒரு சுற்று சுற்றுவார். காலால் தரையை உந்தி, எந்த ஒலிப்பெருக்கியைச் சோதிக்கிறாரோ அதன் பக்கம் காதைக் கொண்டுபோய், கண்ணை மூடி, வாயைக் கொஞ்சம் திறந்து கேட்பார். பிறகு அடுத்தது. கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தால் திருவிழா ராட்டினத்தில் ஏறின சிறுபிள்ளை மாதிரி இருக்கும். சிவப்பை அழுத்தின பிறகும் மயிரிழை அளவுக்குச் சத்தம் கசிந்தால் கண்டுபிடித்துவிடுவார். “வாய மூடிக்கிட்டு உள்ள முனகுது, கொண்டுபோ” என்று சிவப்பு ஒட்டியோடு என்னிடம் வரும். திறந்து பார்த்தால் பொத்தானின் காலில் ஈயம் பாதிதான் பிடித்திருக்கும். அவர் கேட்டுச் சொன்னது ஒருநாளும் பொய்த்ததில்லை.

“சத்தத்துக்கு மூஞ்சியக் காட்டக் கூடாது புள்ள, காதக் காட்டணும்” என்பார். “மூஞ்சியப் பாத்தா நமக்குப் பாவமாப் போயிரும். பாவம் பாத்தா கேக்க முடியாது.”

இந்தக் கணக்கை அவர் மனுஷர்களிடமும் வைத்திருந்தார். ஒருமுறை எங்கள் பஸ்ஸில் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு கிளம்பியது. பஸ் டிரைவரோடு அலோர் காஜா பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்ததாகப் பேச்சு. ஒரு வாரத்தில் பஸ்ஸில் பாதி சீட்டு அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டது. அவள் வேலையை விடுகிறேன் என்று அழுதாள். அக்கா யாரையும் திட்டவில்லை. தினம் ஒருத்தியைத் தன் பக்கத்துச் சீட்டில் உட்கார்த்திக்கொண்டார். கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக் கையில் கொடுத்து, ஒரே கேள்விதான் கேட்பார்: “நீ கண்ணால பாத்தியா, இல்ல காதால கேட்டியா?”

“கேட்டதுதான்கா.”

“யாரு சொன்னா?”

அப்படியே ஆள் ஆளாகப் போய், இரண்டு வாரத்தில் அந்தப் பேச்சு புறப்பட்ட வாய்க்கு வந்து சேர்ந்தார். தன் தங்கைக்கு அந்த டிரைவரை முடித்துவிட நினைத்திருந்த ஒருத்தி அவள். அக்கா அவளிடம் சத்தம் போடவில்லை. மறுநாள் காலையில் அவளே எழுந்து போய் அழுத பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான் நாங்கள் பார்த்தது.

“எல்லா வாயையும் சேத்துக் கேட்டா அந்தப் புள்ள கெட்டுப்போனவ” என்றார் அக்கா என்னிடம். “ஒவ்வொரு வாயா சோலோ போட்டுப் பாரு, ஒருத்திகூட எதையும் பாக்கல.”

அன்றிலிருந்து பஸ்ஸில் எந்தச் சண்டை என்றாலும் அக்காவிடம்தான் போகும். அவர் சொல்லிவிட்டால் அது முடிந்தது. தோட்டத்தில் கங்காணிக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் இல்லாத மரியாதை அது. யாரும் பயந்து கொடுத்ததில்லை.

பஸ்ஸில் அவருக்கு இடது பக்க சன்னல் சீட்டு. அதில் யாராவது உட்கார்ந்திருந்தால் எழுப்பிவிடுவார். “காத்து இல்லாட்டி எனக்கு வாந்தி வரும்லா” என்பார். வலது பக்கமும்தான் சன்னல் இருக்கிறது, அங்கும் காற்று வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. நடக்கும்போதும் அப்படித்தான். நாம் இடப்பக்கமாகப் போய்ச் சேர்ந்தால் முதுகுக்குப் பின்னால் சுற்றிவந்து நம்மைத் தன் வலப்பக்கம் ஆக்கிக்கொள்வார். தோளில் கை போட்டு அதைச் செய்வதால் அது பிரியம் என்றே எல்லாரும் நினைத்திருந்தோம். பழகிப் பழகி நாங்களே வலப்பக்கமாகப் போய் நிற்கத் தொடங்கினோம்.

மழை கொட்டின ஒரு நாள் பஸ் டுரியான் துங்கால் பக்கம் நின்றுபோனது. எல்லாரும் இறங்கி ஒரு கடையில் ஒதுங்கினார்கள். நாங்கள் இருவர் மட்டும் பஸ்ஸிலேயே இருந்தோம். நான் சும்மா கேட்டேன், “ஏன்கா, வீட்டுல மாமா எப்படி?”

“அவர மியூட் பண்ணி ஆறு வருஷம் ஆச்சு புள்ள.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“சோறு போடுவேன். துணி தொவைப்பேன். பேச மாட்டேன். அந்தாளு பேசும், கத்தும், அழக்கூட அழும். நான் கேக்கல. எனக்கு வாயில்லாமப் போச்சுன்னு ஊருல சொல்லுதாம். அதோட வாயத்தான் நான் மூடி வச்சிருக்கேன், அது அதுக்குத் தெரியல.”

பிறகு தலைமுடியை ஒதுக்கி இடது காதைக் காட்டினார். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. தோடு போட்ட சாதாரணக் காது.

“ஒரே அடி. அடிச்சது வலது கை, அதனால இடது காது. எதுக்கு அடிச்சிச்சின்னு கேக்காத. காரணம்னு ஒண்ணு இருந்தா நானே சொல்லியிருப்பேன். மூணு நாளு உள்ள சங்கு ஊதுன மாதிரி இருந்துச்சு. நாலாவது நாளு அதுவும் இல்ல.”

பேக்டரியில் கேட்கும் அறைக்காரர்களுக்கு வருஷா வருஷம் காது பரிசோதனை உண்டு. நர்ஸ் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு ஒரு பொத்தானை அழுத்துவார், சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். “எப்படிக்கா பாஸ் பண்ணீங்க?” என்றேன்.

“அந்த நர்ஸ் பொத்தான அழுத்துறப்ப தோளு கொஞ்சம் எறங்கும். தோள பாத்துக் கைய தூக்குனேன். மூணு வருஷமா ரொம்ப நல்ல காதுன்னு எழுதி வச்சிருக்கா.”

சொல்லிவிட்டு இப்போது சிரித்தார். “நீ யாருகிட்டயும் சொல்லாத புள்ள. இந்த வேல போச்சுன்னா மூணு புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு நான் அந்தாளோட வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்.”

நான் சத்தியம் பண்ணவில்லை. தலையைத்தான் ஆட்டினேன். என்னைப் பேக்கிங்கிலிருந்து ரிப்பேர் மேசைக்கு ஏற்றிவிட்டதே அக்காதான். “இவ கை நடுங்காது, ஈயம் கொடுத்துப் பாருங்க” என்று இன்ஜினியர் லிம்மிடம் போய் நின்றவர் அவர். எனக்கு வாழ்க்கையில் யாரும் அப்படிப் போய் நின்றதில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த நாற்காலியின் ரகசியம் புரிந்தது. ஒரு காதை வைத்துக்கொண்டு ஆறு ஒலிப்பெருக்கியையும் அவர் தேடித் தேடிப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு காது இருக்கிறவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து பாதியைத் தவறவிட்டிருப்பாள்.

பிறகு நாதன் வந்தார். புது சூப்பர்வைசர், நம்ம ஆள், பாச்சாங்கில் வீடு, கழுத்தில் ஸ்டாப்வாட்ச். ஒவ்வொரு மேசைக்கும் பின்னால் நின்று நேரம் பிடித்தார். கேட்கும் அறையில் முழுதாக ஒரு மணி நேரம் நின்றார்.

“என்னம்மா இது, பசார் மாலாம் சந்தையா? ராட்டினம் சுத்துற?”

“சுத்துனாத்தான் சார் கேக்கும்.”

“டிராயிங்குல என்ன போட்டிருக்கு? நாற்காலி நடுவுல, மூஞ்சி முன்னுக்கு. ஒரு பொட்டிக்கு நீ சுத்துற நேரத்துல இன்னொரு பொட்டி பாத்துறலாம்லா.”

“பின்னாடி இருக்குறது சரியா கேக்காது சார்.”

“ஏன், காது இல்லையா உனக்கு?”

அக்கா அடுத்த பெட்டியை எடுத்துக் கம்பி மாட்டினார். மறுநாள் சுழல் நாற்காலியைக் காணோம். நாலு கால் இரும்பு நாற்காலி ஒன்றை முன்பக்கம் பார்க்க வைத்து, தரையில் ஆணி அடித்து முடுக்கியிருந்தார்கள்.

அதே வாரம் கலாவைக் கொண்டுவந்து அந்த அறையில் போட்டார்கள். டுரியான் துங்கால் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். தற்காலிக வேலை. இன்னும் மூன்றே மாதத்தில் நிரந்தரக் கடிதம் வந்துவிடும் என்று தினமும் நாள்காட்டியில் கோடு கிழிப்பாள். அப்பா லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போனவர். அந்தக் கடிதம் இருந்தால்தான் பேக்டரி கிளினிக் அட்டையில் அவர் பெயரையும் சேர்ப்பார்கள்.

நாதன் செய்த ஏற்பாடு இது. ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து கேட்பாள், மற்றவள் கம்பி மாட்டிக் கழற்றி, அட்டையில் முத்திரை குத்துவாள். ஒரு மணிக்கு ஒருதரம் இடம் மாற வேண்டும். முத்திரை அறைக்கு ஒன்றுதான். யார் கேட்டது என்று எழுதுகிற கட்டத்தை, நேரம் போகிறது என்று நாதன் அட்டையிலிருந்தே எடுத்துவிட்டார்.

கலா அக்காவின் மேல் உயிராக இருந்தாள். “அக்கா பக்கத்துல இருந்தாலே காது தொறந்துக்குது” என்பாள். வலது நாத்தனாருக்குக் குளிர்காய்ச்சல், மாமனாருக்கு வாயுத்தொல்லை என்று அவளும் கதை கட்டத் தொடங்கினாள். அக்காவும் அவளுக்கு மீன் பொரித்துக் கொண்டுவந்து கொடுப்பார்.

என் மேசைக்குச் சிவப்பு ஒட்டிகள் வந்தன. காலை எட்டிலிருந்து ஒன்பது வரை ஆறு ஏழு பெட்டி, பாதிக்கு மேல் இடது நாத்தனார். போர்டின் அந்த மூலையில் ஈயத் தொட்டி சரியாக நனைக்கவில்லை, அந்த லாட் முழுக்க அப்படி. ஒன்பதிலிருந்து பத்து வரை அந்தக் கோளாறில் ஒன்றுகூட வராது. பத்திலிருந்து பதினொன்று, மறுபடி வரும். பதினொன்றுக்கு மேல் மறுபடி ஒன்றும் இல்லை. முதல் நாள் நான் பாலில்லாத தே ஓ குடிக்கப் போய்விட்டதால் தெரியவில்லை. இரண்டாம் நாள் தெரிந்தது. எட்டு மணிக்கு நாற்காலியில் உட்காருவது கலா.

அன்று பஸ்ஸில் அக்காவின் வலப்பக்கம் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். “அக்கா, உங்க மணி நேரத்துல இடது நாத்தனார் ஒண்ணுகூட வரல.”

“வரலன்னா நல்லதுதானே.”

“அக்கா.”

அவர் சன்னல் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்தார். “நாற்காலிய முடுக்குனது யாரு? நானா?”

“லிம் சார்கிட்ட மட்டும் சொல்லிப் பாருங்கக்கா. நல்ல மனுஷன்.”

“நல்ல மனுஷன் என்னா பண்ணுவாரு? ‘ஐயோ பாவம்’னு சொல்லிட்டுப் பேக்கிங்குக்கு அனுப்புவாரு. பேக்கிங்குல என் வயசுக்காரிய எத்தன நாளு வச்சிருப்பாங்க?” கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார்: “நீ ஈயம் வைக்கிறவ. ஈயத்தப் பாரு புள்ள.”

நான் ஈயத்தைப் பார்த்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பெட்டிகள் கப்பலில் திரும்பி வந்தன. அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக என் மேசைப் பக்கம் அடுக்கினார்கள். வெளிநாட்டில் யாரோ சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்தால், முதுகுக்குப் பின்னால் இடப்பக்கம் முனகிக்கொண்டே இருக்கிறதாம். எல்லாம் கேட்கும் அறையின் முத்திரை குத்தி, சரி என்று போனவை. கலாவின் நிரந்தரக் கடிதத்தை அந்த வாரம் நிறுத்தி வைத்தார்கள். நாற்காலியை முடுக்கினதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. யாராவது ஒருத்தியின் காது என்று முடிந்துவிட்டால் நாதனுக்கும் நிம்மதி.

அப்படித்தான் நாங்கள் மூன்று பேரும் ஆபீஸ் வாசலில் நின்றோம். அப்போதுதான் அக்கா, ஒவ்வொருத்தராக உள்ளே கூப்பிடச் சொன்னார். பஸ்ஸில் அந்தப் பெண்ணின் மானத்தைக் காப்பாற்றினது அதே வழிதான். கலா தெம்பானதில் என்ன ஆச்சரியம்?

பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும் என்று என்னை உள்ளேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் லிம், நாதன். முதலில் கலா. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“இடது பின்பக்கம் மியூட் கசிஞ்சா உனக்குக் கேக்குமா?” என்று லிம் மலாயில் கேட்டார்.

“கேக்கும் சார். ஒட்டி ஒட்டி அனுப்பியிருக்கேன். இந்த அக்காவ கேளுங்க” என்று என்னைக் கை காட்டினாள்.

“அப்ப இதெல்லாம் எப்படிப் போச்சு?”

“தெரியல சார். அக்காவும் நல்லாத்தான் கேப்பாங்க. என்னவிட நல்லா கேப்பாங்க.”

அவ்வளவுதான். ஒருத்தர் மேலும் அவள் பழி போடவில்லை. போட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பிறகு அக்கா வந்தார். கதவைத் தானே சாத்தினார். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, வலது காது மேசைப் பக்கம் வருகிற மாதிரி உட்கார்ந்தார். லிம் அதே கேள்வியைக் கேட்டார்.

“எனக்கு மூணு வருஷமா பரிசோதனை பேப்பர் இருக்கு சார். எடுத்துப் பாருங்க.”

“பாத்தோம். நல்லா இருக்கு.”

“நான் இங்க நாலு வருஷம். அந்தப் புள்ள வந்ததுக்கு அப்புறம் போன பொட்டிதான் திரும்பி வந்திருக்கு. அதுக்கு முன்னாடி போனதுல ஒண்ணாவது வந்துச்சா?”

லிம் பேப்பரைப் புரட்டினார். “இல்ல.”

“சின்னப் புள்ள சார். கேக்குறப்ப அதுக்கு யோசனை எங்கயோ இருக்கும். வீட்டுல அப்பாவுக்கு முடியல. நான் பாத்தேன், சொல்ல வேணாம்னு இருந்தேன்.” கலாவின் அப்பாவைச் சொல்லும்போது அவருடைய குரல் இறங்கியது. அந்த இரக்கம் பொய்யில்லை என்று இன்றும் நினைக்கிறேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடப் பொய் என்று பிடிக்க முடியாது. பரிசோதனை பேப்பர் இருந்தது. கலா வந்த பிறகுதான் பெட்டிகள் திரும்பின. நாற்காலியை முடுக்கினதும் அதே வாரம்தான் என்பதை மட்டும் விட்டுவிட்டார். நாதனும் விட்டுவிட்டார்.

லிம் என் பக்கம் திரும்பினார். “ரிப்பேர் மேசைக்கு எல்லாம் வருதே. உனக்கு ஏதாவது தெரியுமா?”

எட்டிலிருந்து ஒன்பது, பத்திலிருந்து பதினொன்று. நாக்கு நுனியில் நின்றது. அக்கா என்னைப் பார்க்கவில்லை, மேசையின் மேல் மூடி கழற்றிக் கிடந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஈயம் சரியா பிடிக்கல சார்” என்றேன். “அதுதான் தெரியும்.”

அடுத்து நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வெள்ளிக்கிழமையோடு கலாவை நிறுத்திவிட்டார்கள். வேறு பேக்டரியில் கிடைக்கும், சின்ன வயசுதானே என்று பஸ்ஸில் எல்லாரும் பேசினார்கள், நானும் பேசினேன். கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த லாட் போர்டு முடிந்ததும் ஈயத் தொட்டியைச் சரிசெய்தார்கள், இடது நாத்தனார் கசிவதும் நின்றது. அதனால் கலாவின் காதுதான் கோளாறு என்பது பேக்டரியில் நிலைத்துப்போனது. அக்கா முடுக்கின நாற்காலியிலேயே உட்கார்ந்து கேட்டார். பஸ்ஸில் சண்டை வந்தால் இன்னமும் அவரிடம்தான் போனார்கள். நான் மட்டும் முன்சீட்டுக்கு மாறிக்கொண்டேன். காரணம் கேட்டவர்களிடம், பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வருகிறது என்றேன்.

நான் வேலையை விட்ட பிறகு ஒரே ஒரு தடவை பாச்சாங் பசாரில் அவரைப் பார்த்தேன். ஓடிவந்து தோளில் கை போட்டு, என்னை வலப்பக்கம் ஆக்கிக்கொண்டு, பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். கச்சான் வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து ஒன்றைக்கூட வாயில் போடாமல் அப்படியே கோழிக்குப் போட்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று ஆபீஸ் வராந்தாவில் நடந்ததை. லிம் பேப்பரை மூடியதும் அக்கா எழுந்து வெளியே வந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் வந்தேன். கலா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் வேகமாக வந்து, நாங்கள் எல்லாரும் பழகினபடி, அக்காவின் வலப்பக்கமாகப் போய்ச் சேர்ந்தாள்.

“என்னாக்கா சொன்னாங்க? எனக்குக் கடிதம் குடுத்துருவாங்கல்ல? நீங்க சொன்னா கேப்பாங்கக்கா.”

அக்கா நின்றார். கலாவின் தோளில் கை வைத்தார். பிறகு அவளுடைய முதுகுக்குப் பின்னால் மெதுவாகச் சுற்றிவந்து, அவளைத் தன் இடப்பக்கம் விட்டுக்கொண்டு, கேட்கும் அறையை நோக்கி நடந்தார். கலா கூடவே நடந்து, அந்தக் காதில் பேசிக்கொண்டே போனாள்.